கரிசல் இலக்கியத்துள் கோவில்பட்டி நகர்

'கரிசல் இலக்கியம்' என்னும் தொடரைக் கேட்ட அளவிலே கற்போர் உள்ளத்தில் ஒரு காட்சி எழும். கோடையில் வெடித்துக் கிடக்கும் கறுப்பு நிலம், கம்பும் பருத்தியும் விளையும் புன்செய், வானம் பார்த்து நிற்கும் உழவர், சாவடியில் அமர்ந்து கதை கூறும் முதியவர் ஆகியன அக்காட்சியின் கூறுகள். இது பொய்க் காட்சி அன்று. எனினும் முழுக் காட்சியும் அன்று. இதன் நடுவே ஒரு நகர் உள்ளது. அந்நகரிலேதான் இவ்விலக்கியம் படைத்தோருட் பலர் கற்றனர், உழைத்தனர், ஒருவரை ஒருவர் கண்டு பேசினர். கோவில்பட்டி என்னும் அந்நகரை நம் திறனாய்வு போதிய அளவு நோக்கவில்லை என்பது எம் கருத்து.

இக்கருத்து எமக்கு நூல்களால் மட்டும் தோன்றியதன்று. முதுகலை வகுப்பொன்றில் வட்டார இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்த பொழுது மாணவி ஒருவர் எழுந்து ஒரு வினா எழுப்பினார். புறவழிச் சாலையை அடுத்து, ஒரு காலத்தில் பருத்தி விளைந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து 'நகர்' எனப் பெயரிட்ட ஒரு குடியிருப்பில் வாழ்பவர் அவர். அவர் தந்தையார் நூற்பாலைத் தொழிலாளர். தாயார் இளமையில் தீப்பெட்டித் தொழிலில் உழைத்தவர். "ஐயா, நாங்கள் கிராமத்துக்காரர்களும் இல்லை, டவுன்காரர்களும் இல்லை. எங்கள் இடம் இந்த இலக்கியத்தில் எங்கே இருக்கிறது?" என்று அவர் கேட்டார். நகரம் சிற்றூரை அழிப்பதையே கரிசல் இலக்கியம் பாடுகின்றது என்று யாம் விடை கூறினோம். அவர் அமர்ந்தார், ஆயினும் வினா அமரவில்லை. எம் விடை அவருடைய வீட்டையும் பெற்றோர் உழைப்பையும் ஓர் அழிவின் பகுதியாக ஆக்கிவிட்டது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அவ்விடையைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

நகர் வளர்ந்த முறை

கோவில்பட்டி மன்னர் வகுத்த தலைநகர் அன்று. கடல் வாணிகம் வளர்த்த பட்டினமும் அன்று. செண்பகவல்லி அம்மன் கோயிலைச் சூழ்ந்த ஓர் ஊர், பருத்தியாலும் இருப்புப் பாதையாலும் தீக்குச்சியாலும் நகராயிற்று. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. கரிசற் பருத்தி துறைமுகம் செல்வதற்கு வழி உண்டாயிற்று. 1901இல் இங்கு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கருங்கண்ணிப் பருத்தி பற்றிய ஆய்வு அதன் பெரும்பணிகளுள் ஒன்று. நூற்பாலைகள் தோன்றின. சிவகாசியிலும் சாத்தூரிலும் பரவிய தீப்பெட்டித் தொழில் இங்கும் வேரூன்றியது. 1964இல் ஊர் நகராட்சியாயிற்று. 1986இல் திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்ட பொழுது தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகர மக்கள் ஏறத்தாழ 95,000 பேர்.

இவ்வளர்ச்சியில் கருதற்பாலது ஒன்றுண்டு. இந்நகர் நடுவிலிருந்து வெளியே பரவியது என்பதினும், சுற்றுப்புறச் சிற்றூர்கள் சிறிது சிறிதாக உள்ளே நடந்து வந்து நகராயின என்பதே பொருத்தம். முதலிற் சந்தைக்கு வந்தனர். பின்னர்ப் பள்ளிக்கு வந்தனர். அதன்பின் கூலிக்கு வந்தனர். காலையில் வந்து மாலையில் மீண்டனர். இறுதியில், மீளும் வழியின் நடுவே ஒரு மனை வாங்கி வீடு கட்டினர். முப்பது ஆண்டு நகரில் வாழ்ந்தவரும் அம்மன் பொங்கலுக்குப் புறப்படுங்கால், 'ஊருக்குப் போகிறேன்' என்றே கூறுவர். தாம் வாழுமிடம் 'டவுன்'. தாம் பிறந்த இடமே 'ஊர்'. இவ்விரு சொற்களுக்கும் இடையில் உள்ள வெளியே கோவில்பட்டியின் புறநகர் வாழ்க்கை.

அவ்வெளியில் வீடு கட்டுவதும் எளிதன்று. கரிசல் மண் நீர்பட்டால் உப்பும். காய்ந்தாற் சுருங்கி வெடிக்கும். பிற மண்ணில் எழுப்புவது போல இங்குச் சுவர் எழுப்பினால் சில ஆண்டுகளில் கீறல் விழும். ஆதலின் ஆழத் தோண்டிக் கரிசலை அகற்றிச் சரள் மண் இட்டு நிரப்பி, அதன்மேல் அடித்தளம் அமைப்பர். பயிரைத் தாங்கிய மண் வீட்டைத் தாங்க மறுக்கிறது. உழவர் வீட்டுப் பிள்ளை தன் முன்னோர் போற்றிய அம்மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்திவிட்டே தனக்கொரு கூரை அமைக்க வேண்டியுள்ளது. பெரும் புதினத்திற்கு உரிய பொருள் இது.

பழைய நூல்களிற் புறநகர்

புறநகர் தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் நகரை அதன் நடுவிலிருந்து காட்டின. அங்காடியும் அரண்மனையும் அவற்றின் பொருள். சிலப்பதிகாரமோ நகரின் விளிம்பிற்கென ஒரு காதையே வகுத்தது. அதுவே புறஞ்சேரி இறுத்த காதை. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நேரே புகவில்லை, மதிற்புறத்தே தங்கினர். அறவோர் வாழும் இடம் அது. அடுத்து அவர்க்கு அடைக்கலம் தந்தவள் ஆயர்குல மாதரி. நகரின் உள்ளே கொலைத் தீர்ப்புக் காத்திருக்க, நகரின் வெளியே அன்பு காத்திருந்தது.

இளங்கோவடிகள் காட்டிய புறஞ்சேரிக்கு இரண்டு இயல்புகள் உள. ஒன்று, அது புகுவாரும் நிற்பாரும் கூடும் இடம். பிறப்பால் அவ்விடத்தார் அல்லாதாரும் ஆங்கு இடம் பெறுவர். மற்றொன்று, அது நகரை நோக்கி நிற்கும் இடம். அங்குத் தங்குவோர் மனம் மதிலுக்கு அப்பால் உள்ளது. இவ்விரு இயல்புகளையும் அளவுகோலாகக் கொண்டு கரிசற் படைப்புகளை நோக்கின், அவற்றுள் நகர் எவ்வாறு அமைந்துள்ளது என்பது விளங்கும்.

சிற்றூரும் ஒரு காலத்திற் புதுக்குடியிருப்பே

முதற்கண் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) என்னும் புதினத்தை நோக்குவோம். கரிசற் சிற்றூரின் பெருங்காப்பியம் போல இது போற்றப்படுகிறது. இதன் கதை யாது? தெலுங்கு நாட்டினின்று அஞ்சி ஓடிவந்த ஒரு குடி, தெற்கே நெடுந்தொலைவு நடந்து, முள்ளும் புதரும் அடர்ந்த காட்டை அடைந்து, அதற்குத் தீயிட்டு, விளைநிலமாக்கி ஊர் அமைத்ததே கதை. அஃதாவது, நாம் என்றும் நிலவிய சிற்றூர் என்று கருதும் கோபல்லம், வந்தேறியோர் அமைத்த புதுக்குடியிருப்பு. அங்கும் முன்னிருந்த ஒன்று எரிந்தது. அச்சாம்பலின் மேல் ஊர் எழுந்தது.

இதனை ஆசிரியர் மறைக்கவில்லை, நாம்தாம் மறந்தோம். காட்டைக் கொளுத்திய நிகழ்ச்சியை வீரமாகக் கற்பிக்கிறோம். புன்செய்யில் மனைக்கல் நாட்டும் நிகழ்ச்சியை வீழ்ச்சியாகக் கற்பிக்கிறோம். இரண்டும் ஒன்றே என்பது எம் கருத்தன்று. காட்டை அழித்தோர் தாம் உழுது வாழ அழித்தனர். மனை பிரிப்போருட் பலர் விற்று நீங்கப் பிரிக்கின்றனர். இவ்வேறுபாடு பெரிது. ஆயினும் மனையை வாங்கிக் குடியேறுவோர் நிலை வேறு. கோபல்லத்தின் முதற்குடியினர் போன்றே இவரும் ஒன்றிலிருந்து தப்பி வந்தோர்; ஒன்றை நாடி வந்தோர். அவருக்கு உரிய தோற்றக் கதை இன்னும் எழுதப்பட வேண்டும்.

ரேமண்ட் வில்லியம்ஸ் என்னும் திறனாய்வாளர் 1973இல் வெளியிட்ட 'நாடும் நகரமும்' என்னும் நூலில் ஆங்கில இலக்கியத்தை இம்முறையில் ஆராய்ந்தார். நல்ல சிற்றூர் வாழ்வு தமக்குச் சற்று முன்னர்த்தான் மறைந்தது என ஒவ்வொரு தலைமுறையும் கூறுவதை அவர் எடுத்துக் காட்டினார். பின்னோக்கிச் செல்லச் செல்ல அப்பொற்காலமும் பின்னே நகர்ந்துகொண்டே இருக்கக் கண்டார். வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இருப்புப் பாதைக் கைகாட்டித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். ஆதலின் சிற்றூரும் இருப்புப் பாதையும் பகைப்பொருள்கள் அல்ல என்பதை வாழ்க்கையாலேயே அறிந்திருந்தார். அவ்வறிவு கரிசல் ஆய்வாளர்க்கும் வேண்டற்பாலது.

நிலையமும் கதவும்

கு. அழகிரிசாமியின் 'குமாரபுரம் ஸ்டேஷன்' என்னும் சிறுகதை இதற்குத் தக்க சான்று. இடைசெவலிற் பிறந்து கோவில்பட்டியிற் பயின்றவர் அழகிரிசாமி (1923-1970). கோவில்பட்டிக்குத் தெற்கே, ஊர் எதுவும் அருகில் இன்றிக் காட்டிடையே நிற்கும் சிறு புகைவண்டி நிலையமே அக்கதையின் களம். இத்தகைய இடத்தில் ஒரு நிலையம் எதற்கு என எண்ணும் கல்வியாளர் ஒருவர், கோவில்பட்டிப் பள்ளியிற் சேரப் புறப்பட்ட சிற்றூர்ச் சிறுவர்களையும் அவர்களை அழைத்துச் செல்வோரையும் வண்டியிற் காண்கிறார். பிறரை எடைபோட்டுப் பழகிய அவர், அப்பயணத்தில் தாமே ஒரு மாணவர் ஆகிறார்.

இக்கதையில் மாந்தர் நற்பண்பைப் பாராட்டுவோர் பலர். அதன் இடவமைப்பையும் பாராட்டுதல் வேண்டும். கதை சிற்றூரில் நிகழவில்லை, நகரிலும் நிகழவில்லை. இரண்டிற்கும் இடையே ஓடும் வண்டியிலும் அது நிற்கும் நிலையத்திலும் நிகழ்கிறது. புறஞ்சேரியின் முதல் இயல்பு இங்கு முழுமையாக உள்ளது. பிறப்பாலும் தொழிலாலும் வேறுபட்டோர் ஒரே பெட்டியில் அமர்ந்து பேசுகின்றனர். சிற்றூர்ச் சாவடியில் அவர்கள் இவ்வாறு அமர்ந்திருத்தல் அரிது. ஒரு நகர் வளர்வதனால் உண்டாகும் நன்மைகளுட் சிறந்தது இக்கலப்பே. அழகிரிசாமி அதனை முழக்கமின்றிக் கண்டு கூறினார்.

கி. ராஜநாராயணனின் 'கதவு' என்னும் சிறுகதை இதன் மறுபக்கம். ஏழை வீடொன்றின் கதவைப் பேருந்தாகப் பாவித்து, ஏறி ஆடி, ஊர்களுக்குச் சீட்டுக் கொடுத்துக் குழந்தைகள் விளையாடுகின்றனர். தந்தை பிழைப்புத் தேடி வெளியூர் சென்றிருக்கிறார். தீர்வைப் பாக்கிக்காக அக்கதவைப் பெயர்த்து எடுத்துச் செல்கின்றனர். வறுமையின் சோகமாக மட்டும் இக்கதை விளக்கப்படுகிறது. ஒன்றை நோக்குக: குழந்தைகளின் கற்பனையில் முதலில் வருவது ஏரும் அன்று, காளையும் அன்று, பேருந்து. கதவென்பது வீட்டைக் காப்பது. அவர்களுக்கோ அது வெளியே செல்லும் ஊர்தி. கரிசற் சிற்றூரின் குழந்தை தன் வீட்டு வாயிலில் நின்றே நகருக்குப் பயணம் செய்கிறது. புறஞ்சேரியின் இரண்டாம் இயல்பாகிய 'நகரை நோக்கி நிற்றல்' இதுவே. அரசு பறித்தது ஒரு மரக்கதவை மட்டும் அன்று, அப்பயணத்தையும் என்க.

'ஆபீஸ்' என்னும் சொல்

இனித் தொழிலை நோக்குவோம். கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி செய்யும் இடத்தைத் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பது மக்கள் வழக்கு. நூல் நூற்குமிடம் 'மில்லு'. தீப்பெட்டி செய்யுமிடம் மட்டும் 'ஆபீஸ்'. ஆபீஸ் என்பது எழுத்தறிந்தோர் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றும் இடத்தின் பெயர். அப்பெயரைத் தரையில் அமர்ந்து குச்சியடுக்கும் கொட்டகைக்கு இட்டது ஏன்? புழுதியில் களை எடுக்கச் செல்லும் பெண்ணை விட, நிழலில் அமர்ந்து கூலி பெறும் பெண் 'ஆபீசுக்குப் போகிறவள்' என்னும் மதிப்பைப் பெற்றாள். அச்சொல்லில் ஒரு நாட்டம் உள்ளது. அந்நாட்டத்தின் அடியில் ஒரு துயரும் உள்ளது.

துயர் யாதெனில், ஆபீசுக்குச் சென்றோருட் பலர் சிறுமியர். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் விடியுமுன்னரே ஊர்தோறும் வண்டி வந்து குழந்தைகளை ஏற்றிச் சென்ற காலம் ஒன்றிருந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலிற் குழந்தைகளின் உழைப்பைக் குறித்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பூமணி தாமே இயக்கிய 'கருவேலம்பூக்கள்' என்னும் திரைப்படத்தின் பொருள் இக்குழந்தைகளின் வாழ்வே. மழை பொய்த்த நிலத்தில் பிள்ளைகளின் விரல்களே விளைச்சலாயின என்பதை அப்படம் காட்டியது.

'கதவு' கதையிற் குழந்தைகள் விளையாட்டாக ஏறிய வண்டி, இங்கே மெய்யாகவே வாயிலில் வந்து நிற்கிறது. ஆனால் அது பள்ளிக்கன்று, ஆபீசுக்குச் செல்லும் வண்டி. 'குமாரபுரம் ஸ்டேஷன்' காட்டும் சிறுவரும் கோவில்பட்டி நோக்கித்தான் செல்கின்றனர். திசை ஒன்றே; வண்டி வேறு. எவ்வண்டியில் ஏறும் வாய்ப்பு எக்குழந்தைக்குக் கிட்டியது என்பதே நகர் வளர்ச்சியின் உண்மையான அளவுகோல். இம்மூன்று படைப்புகளையும் ஒருசேரக் கற்பித்தல் நன்று. தனித்தனியே கற்பிக்குங்கால் முதலாவது இனிமையாகவும், இரண்டாவது சோகமாகவும், மூன்றாவது செய்தியாகவும் நின்றுவிடுகின்றன. ஒருசேர நோக்குங்காலோ ஒரு நகரின் வரலாறு தோன்றுகிறது.

தெருவும் கூலியும்

நகரம் சிற்றூரை அழித்தது என்று கூறுவோர், அச்சிற்றூரில் யாவர் எவ்விடத்தில் இருந்தனர் என்று வினவுதல் வேண்டும். பூமணியின் 'பிறகு' (1979) செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்க்கையை நடுவாகக் கொண்டது. நாட்டு விடுதலைக்குப் பிந்திய சிற்றூரில், ஊருக்கு இன்றியமையாத உழைப்பை நல்கும் ஒருவர் ஊரின் விளிம்பிலேயே நிறுத்தப்படுவதை அது காட்டுகிறது. அவருடைய புதினமாகிய 'வெக்கை' (1982), கொலை செய்த சிறுவனும் தந்தையும் காட்டிலும் கரட்டிலும் மறைந்து திரியும் நாட்களைக் கூறுவது. ஊர் அவர்களைக் காக்கவில்லை. காடு சிலநாள் காக்கிறது. இறுதியில் அவர்கள் செல்வது நீதிமன்றத்திற்கு. நீதிமன்றம் அவர்களைக் காக்குமா என்பது வேறு. ஊர்ப்பஞ்சாயத்துக்கு அப்பால் முறையிட ஓர் இடம் உண்டு என்பதே நகர் தரும் முதற்கொடை. அது குறையுடைய கொடையாயினும் கொடையே.

'அஞ்ஞாடி' (2012) இன்னும் பின்னோக்கிச் செல்கிறது. 1895ஆம் ஆண்டுக் கழுகுமலைக் கலகமும் 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலகமும் அப்பெருநாவலின் பொருளுள் அடங்கும். கழுகுமலைப் பூசலின் அடியில் இருந்தது, எத்தெருவில் யார் ஊர்வலம் செல்லலாம் என்னும் வினா. வளரும் ஊரில் தெரு என்பது மண் மட்டும் அன்று, உரிமை. இக்காலப் புறநகரில் புதிதாக வகுத்த தெருக்களுக்கு எண்ணே பெயராக இருப்பதை நாம் அழகின்மை என்கிறோம். சாதியின் பெயரால் அழைக்கப்பட்ட தெருவிலிருந்து வந்தவர்க்கு 'மூன்றாவது தெரு' என்னும் பெயர் எவ்வளவு ஆறுதல் தரும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதேபொழுது, மனை விற்போரும் வீடு வாடகைக்கு விடுவோரும் சாதி வினவாமல் இருப்பதில்லை என்பதும் கண்கூடு. பழைய எல்லை புதிய தெருவிலும் உடன் வருகிறது.

சோ. தர்மன் உருளைக்குடியிற் பிறந்தவர். கோவில்பட்டியில் நூற்பாலைத் தொழிலாளராகப் பல்லாண்டு உழைத்தவர். அவருடைய 'கூகை' (2005), பகலிற் பிற பறவைகளால் துன்புறுத்தப்படும் ஆந்தையை ஒடுக்கப்பட்டோர்க்குக் குறியீடாக்கிய புதினம். சிற்றூரின் அடக்குமுறையிலிருந்து நகர் நோக்கி நகர்தல் அதனுள் ஓர் இழையாக ஓடுகிறது. 'சூல்' (2016) என்னும் புதினமோ உருளைக்குடிக் கண்மாயின் வாழ்வும் தாழ்வும் பற்றியது. 2019இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. ஒரே ஆசிரியர் ஒரு நூலில் ஊரைவிட்டு நீங்குதலின் தேவையையும், மற்றொன்றில் ஊர் தன் நீரை இழந்ததன் கேட்டையும் எழுதினார். இது முரண் அன்று. கரிசல் வாழ்வின் உண்மை. கண்மாயைப் போற்றிக் காத்த ஊர் மனிதரை ஒன்றுபோலப் போற்றவில்லை. மனிதர்க்கு இடம் தந்த நகர் கண்மாயைப் போற்றவில்லை.

நீரைப் பற்றிய இக்கருத்தை நகரோடு பொருத்திக் காண்க. ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெறும் நிலம் இது. அதனிற் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. அச்சிறு மழையைத் தேக்கவே முன்னோர் கண்மாய் அமைத்தனர். நகரோ சீவலப்பேரியிலிருந்து குழாய்வழி வரும் தாமிரபரணி நீரைப் பருகுகிறது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் சுவைக்குக் கரிசல் நிலத்துக் கடலையோடு தாமிரபரணி நீரும் காரணம் என்பர். சிற்றூர் தன் மேல் விழுந்த நீரால் வாழ்ந்தது. புறநகர் பிறிதோர் ஆற்றின் நீருக்குக் குடத்தோடு காத்திருக்கிறது. குழாயில் நீர் வரும் நாளை எண்ணி வாழும் இக்காத்திருப்பையும், அதனைச் சுமக்கும் பெண்டிரையும் பொருளாகக் கொண்ட பெரும்படைப்பு 'சூல்' நூலுக்கு இணைநூலாக எழ வேண்டும்.

கடைத்தெருவின் கவிதை

கோவில்பட்டி நகரின் உள்ளிருந்து எழுந்த குரல் ஒன்றும் உண்டு. தேவதச்சன் இந்நகரிற் பிறந்து இந்நகரிலே நகைக்கடை நடத்தியவர். 'அவரவர் கைமணல்', 'அத்துவான வேளை', 'யாருமற்ற நிழல்' முதலிய தொகுதிகள் அவருடையன. அவர் கவிதையில் வெடித்த நிலம் இல்லை, ஏரும் இல்லை. துணி துவைத்தலும் குருவியின் ஒலியும் அவ்வொலிக்குப் பின்வரும் அமைதியும் அவர்க்கு ஒரு கவிதையின் பொருளாகப் போதும். கரிசல் இலக்கியம் பற்றிய கட்டுரைகளில் அவர் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தத்துவக் கவிஞர் எனத் தனியே வைக்கப்படுகிறார்.

இவ்வாறு பிரித்தல் பிழை என்பது எம் துணிபு. கடையில் அமர்ந்திருப்பவர்க்குக் காலம் உழவர்க்கு வருவது போல வருவதில்லை. உழவர் பருவத்தை எண்ணுவர். கடையினர் ஒரு வாடிக்கையாளர்க்கும் அடுத்தவர்க்கும் இடைப்பட்ட வெறும் பொழுதை எண்ணுவர். அவ்வெறும் பொழுதே தேவதச்சன் கவிதையின் நிலம். பெரும்பொழுதும் சிறுபொழுதும் வகுத்த மரபில் நகரத்தார்க்கு உரிய சிறுபொழுது ஒன்றை அவர் சேர்த்தார் எனலாம். கரிசல் மண் அவர் சொல்லில் இல்லை. கரிசல் நகரின் பொழுது உண்டு. மண்ணை மட்டும் வட்டாரம் எனக் கொள்ளின் அவரை இழப்போம். வாழ்முறையையும் வட்டாரம் எனக் கொள்ளின் பெறுவோம்.

தடையும் விடையும்

இங்கு ஒரு தடை எழும். 'வட்டார இலக்கியத்தின் சிறப்பே மறைந்து வரும் சொல்லையும் வாழ்வையும் காத்தல். நகரைப் புகுத்தின் அச்சிறப்புக் கெடாதோ?' என வினவுவர். கெடாது என்பதே விடை. 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி வெளியிட்டு வழிகாட்டியவர் கி. ராஜநாராயணன். மக்கள் வாயில் வழங்கும் சொல் ஏட்டில் ஏறும் தகுதியுடையது என்பதே அம்முயற்சியின் கொள்கை. அக்கொள்கையின்படி 'ஆபீஸ்' என்பதும், 'கட்டை அடுக்குதல்' என்பதும், 'பெட்டி ஒட்டுதல்' என்பதும், 'பிளாட்டு' என்பதும், 'பைபாஸ்' என்பதும் கரிசற் சொற்களே. இவற்றுட் சில இப்பொழுதே மறைந்து வருகின்றன. எந்திரம் குச்சியடுக்கத் தொடங்கியபின் கைத்தொழிற் சொற்கள் முதியோர் நாவில் மட்டும் எஞ்சுகின்றன. காத்தலே நோக்கமெனின், இவற்றையும் காத்தல் கடன்.

மற்றுமொரு தடை: 'நகர் தந்த நன்மையைப் பாராட்டின், அது செய்த கேட்டை மறைத்ததாகாதோ?' என்பது. யாம் பாராட்டுவது நகரை அன்று. நகரையும் ஊரையும் ஒருங்கே நோக்கிய படைப்பாளரின் நேர்மையை. அவர்கள் சிறுவர் உழைப்பையும் கண்டனர். பள்ளிக்குச் செல்லும் வண்டியையும் கண்டனர். ஒன்றைமட்டும் கண்டது திறனாய்வே.

முடிவுரை

கி. ராஜநாராயணன் இடைசெவலில் உழவராக வாழ்ந்தவர். 1989இற்குப் பின் புதுச்சேரி நகரில் முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்து, 2021 மே திங்களில் அங்கே மறைந்தார். அவருடல் இடைசெவலுக்குக் கொண்டுவரப்பட்டது. அவர்க்குத் தமிழ்நாடு அரசு அமைத்த நினைவரங்கம் 2022இல் திறக்கப்பட்டது; அது நிற்பது கோவில்பட்டியில். உடல் ஊருக்கும் நினைவு நகருக்கும் உரியவாயின. கரிசல் இலக்கியத்தின் இயல்பே இதுதான். அதனை ஊர்க்கு மட்டும் உரியதாக்குதல் அதன் ஆசிரியர்க்கே பொருந்தாது.

ஆகவே முதுகலை மாணவர்க்கு இரண்டு பணிகளை முன்வைக்கிறோம். ஒன்று, கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி நகரங்களின் தொழில்வழக்குச் சொற்களை உழைத்தோர் வாய்மொழியாகவே தொகுத்தல். மற்றொன்று, புதுக்குடியிருப்புகளின் தோற்ற வரலாற்றை, எவர் எவ்வூரிலிருந்து எக்காரணத்தால் வந்தனர் என்று கேட்டு எழுதுதல். கோபல்லத்திற்கு அத்தகைய வரலாறு கிடைத்தது, பாட்டியர் கூற ஒருவர் கேட்டு எழுதியதனால் அன்றோ?

வினா எழுப்பிய மாணவியின் தாயார் குச்சியடுக்கிய கதையை அவர்தம் பாட்டியாரிடமோ தாயாரிடமோ கேட்டு எழுதுமாறு பின்னொரு நாள் அவரிடம் கூறினோம். "அது இலக்கியமாகுமா, ஐயா?" என்றார். மாதரியின் குடிசை காப்பியத்தில் இடம்பெற்றது. ஆதலின் ஆகும் என்றோம். இம்முறை எம் விடையில் எமக்கு ஐயம் இல்லை. அறிஞர் ஆய்ந்து கொள்க.